குறை, குற்றம், பழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிறரைக் குறைசொல்லவும் குற்றஞ்சாட்டவும் தமிழில் வழங்கும் சொற்களைப் பற்றிச் சேலம் மாவட்ட வாசகர்கள் எழுதிய கேள்விகள் சில சேர்ந்திருந்தன. ஒன்றுக்கு எழுதும் பதில் மற்றொன்றுக்கும் துணைசெய்யும் என்பதால் அவற்றை இந்த இதழில் ஒருங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கூலிக்கு வேலை செய்யும் ஒருவர் முடித்துக் கொடுத்த கொலுசுகள், பேசிய சேதாரத்தைக் கழித்த பின்னும் எடை குறைவாக இருந்தன. 'எடை குறைகிறது என்று மட்டும் சொல்' என்றார் முதலாளி. நான் 'உங்கள்மேல் குற்றம் இருக்கிறது' என்று சொல்லிவிட்டேன். "எம்மேல திருட்டுப் பழி போடறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். பழி என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. குறை, குற்றம், பழி மூன்றும் ஒன்றுதானா?

பதில்: மூன்றும் ஒன்றல்ல. நீங்கள் சொன்னதை அந்தத் தொழிலாளி சரியாகவே புரிந்துகொண்டார் என்பது என் கருத்து.

குறை என்பது இருக்க வேண்டிய ஒன்று இல்லாமற்போவது. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுத்து, கோத்து, பற்றவைத்து, அரத்தால் ராவி, மெருகேற்றி முடிப்பதற்குள் சிறிது போகத்தான் செய்யும் என்பதை இருதரப்பாரும் ஒப்புக்கொண்டிருப்பதால்தான் சேதாரம் என்று ஓர் அளவைப் பேசி வைத்திருக்கிறீர்கள். அந்த அளவைத் தாண்டி எடை இறங்கும்போதும் தராசு தெரிவிப்பது குறையை மட்டுமே. ராவிய தூள் தரையிலோ உடுப்பிலோ தங்கியிருக்கலாம், உருக்கிய மூசையில் ஒட்டியிருக்கலாம், வெள்ளியை நிறுத்துக் கொடுத்த அன்றே பிசகு நேர்ந்திருக்கலாம், எவரேனும் எடுத்துமிருக்கலாம். 'எடை குறைகிறது' என்னும் தொடருக்கு எடைதான் எழுவாய். அதில் ஆள் எவரும் இல்லை. விசாரித்து முடிக்கும்வரை எவரையும் சுட்ட வேண்டாம் என்ற நிதானத்தோடுதான் உங்கள் முதலாளி அந்தத் தொடரைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

குற்றமோ ஆளைத் தேடும் சொல். செய்யத் தகாததைச் செய்ததாகவோ செய்ய வேண்டியதை விட்டதாகவோ ஒருவர் இருந்தாக வேண்டும். சொற்குற்றம், பொருட்குற்றம் என்று செய்யுளில் நேரும் வழுவுக்கும் வழங்கிய சொல்தான் அது. எனினும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நாள்தோறும் புழங்குவதால், இன்றைக்குக் குற்றம் என்று கேட்டவுடன் தண்டனைதான் நினைவுக்கு வருகிறது. பிறருடைய வெள்ளியைக் கையில் வைத்து வேலை செய்கிறவரிடம் 'உங்கள்மேல் குற்றம்' என்றால், 'நீங்கள் எடுத்துவிட்டீர்கள்' என்பதைத் தவிர அதற்கு அவர் வேறு என்ன பொருள் கொள்ள முடியும்?

'உங்கள்மேல்' என்று நீங்கள் சொன்னதையும் கவனிக்க வேண்டும். சாட்டுதல், சுமத்துதல், போடுதல், ஏற்றுதல் என இந்தச் சொற்களோடு சேரும் வினைகள் பலவும் ஒன்றைக் கொண்டுவந்து ஒருவர்மேல் வைக்கும் வினைகளாகவே இருக்கின்றன. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழா பூச்சாட்டுதலோடு தொடங்குவதைச் சேலத்தார் அனைவரும் அறிவர். அம்மனுக்குப் பூவைச் சாட்டுவதற்கும் ஒருவர்மேல் குற்றத்தைச் சாட்டுவதற்கும் வினை ஒன்றுதான். சாட்டப்பட்டது அவரிடம் முன்பே இருந்ததா என்பதைப் பற்றி அந்த வினை எதுவும் சொல்வதில்லை. 'குற்றம் கண்டார்' என்னும்போது குற்றம் அங்கே இருந்தது என்று பொருள்படுகிறது; 'குற்றஞ்சாட்டினார்' என்னும்போது சாட்டியவர் ஒருவர் உண்டு என்பது மட்டுமே உறுதியாகிறது. 'குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை' என்ற கொன்றைவேந்தன் வரியும், உறவினரிடம் குற்றம் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டுதான் அதைப் பார்த்துக்கொண்டிருக்காதே என்கிறது.

பழி இருக்கும் இடம் ஊரார் வாய். 'தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்' என்ற குறளில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நின்று இந்த வேறுபாட்டை விளக்குகின்றன: குற்றம் தன்னிடத்தில் வருவது, பழி பிறரிடமிருந்து வருவது, ஆகவே நாணுவதற்குரியது. செய்தவர் ஒருவர், பேச்சுக் கேட்பவர் வேறொருவர் என்று ஆகிவிடுவதும் உண்டு என்பதால்தான் 'பாவம் ஓரிடம், பழி ஓரிடம்' என்று பழமொழி வந்தது. குற்றம் செய்யாதவர்மேலும் பழி வரும். 'வீண்பழி', 'அபாண்டப் பழி' என்றெல்லாம் இயல்பாகச் சொல்கிறோம். 'வீண்குற்றம்' என்று எவரும் சொல்வதில்லை.

ஆகவே, நீங்கள் சொன்ன குற்றத்தை அவர் பழியாக மாற்றிச் சொன்னதில் ஒரு மறுப்பு இருக்கிறது. 'நான் எடுக்கவில்லை, ஆனாலும் எடுத்தவன் என்ற பெயரை என்மேல் வைத்துவிட்டீர்கள்' என்பதை அவர் ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறார். வெள்ளித் தொழிலில் நம்பிக்கைதான் வேலை வாங்கித் தருகிறது. அவர் அடுத்த பட்டறைப் படியேறும் முன்பே இந்தப் பேச்சு அங்கே போய்ச்சேர்ந்துவிடக்கூடும். அவரைத் தேடிப் போய், கொடுத்த கணக்கையும் வாங்கிய கணக்கையும் அவர்முன் வைத்து, இத்தனை கிராம் குறைகிறது, எங்கே போயிருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். குறை என்ற சொல்லோடு நின்றால், உங்களோடு சேர்ந்து தேடுவதற்கு அவருக்கும் இடம் இருக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மாணவனைக் கண்டித்தேன். மறுநாள் அவன் தாயார் வந்து, "எம்பையனை வஞ்சீங்களாமே டீச்சர்" என்றார். கண்டித்தலும் வைதலும் ஒன்றா? கடிதல், இடித்துரைத்தல் ஆகியவற்றையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: அந்தத் தாயார் பயன்படுத்திய 'வைதல்' கொச்சைச் சொல் அன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'முத்தமிழால் வைதாரையும்' வாழவைப்பவன் என்று முருகனை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். தெற்கே 'ஏசுதல்' என்றும், பொதுவாகத் 'திட்டுதல்' என்றும் வழங்குவது சேலம், கோவைப் பகுதிகளில் 'வைதல்' என்று வழங்குகிறது. 'வைதான்' என்பது பேச்சில் 'வஞ்சான்' ஆகிறது.

இந்த மூன்று சொற்களும் பேசுகிறவருடைய சினத்தைச் சொல்வன. எதற்காக வைதார் என்று கேட்டால்தான் காரணம் தெரியும். காரணமே இல்லாமலும் வையலாம். கண்டித்தலுக்குக் காரணம் கட்டாயம் வேண்டும், கண்டிக்கும் உரிமையும் வேண்டும். பெற்றோர் பிள்ளையைக் கண்டிக்கலாம், ஆசிரியர் மாணவனைக் கண்டிக்கலாம். மாணவன் ஆசிரியரைக் கண்டித்தான் என்றால் கேட்பவர் திகைப்பார். உரிமை இல்லாதவர்கள் பலராகக் கூடிப் பேசும்போது அது கண்டனக் கூட்டமாகவும் கண்டன ஆர்ப்பாட்டமாகவும் ஆகிறது. அங்கே எண்ணிக்கையே உரிமையைத் தருகிறது. நீங்கள் செய்தது கண்டித்தலாகவே இருந்திருக்கலாம். ஆனால் சிறுவன் வீட்டுக்குக் கொண்டுபோனது உங்கள் குரலை. காரணத்தை அவன் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். காரணத்தை நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் தாயாரும் வேறு சொல்லால் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கடிதல் என்பதற்கு நீக்குதல் என்ற பொருளும் உண்டு, சினந்து சொல்லுதல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் 'குற்றங்கடிதல்' என்ற அதிகாரத் தலைப்பு, தன்னிடத்துக் குற்றங்களை நீக்கிக்கொள்வதைக் குறிக்கிறது. பிறரைக் கடிந்துபேசச் சொல்லும் அதிகாரம் என்று அதை எடுத்துக்கொள்வது தவறு. இன்றைய வழக்கில் 'கடிந்துகொண்டார்' என்றால் அளவோடு சினந்தார் என்பது பொருள். பெரும்பாலும் வயதில் மூத்தவருக்கே அந்தச் சொல்லைக் கொடுக்கிறோம்.

இந்தச் சொற்களில் என் மனத்துக்கு மிக உகந்தது இடித்துரைத்தல். அதைச் செய்வதற்கு அதிகாரம் வேண்டியதில்லை, அன்பு வேண்டும். நட்புச் செய்வது சிரித்து மகிழ்வதற்காக அன்று, நண்பன் வரம்பு கடக்கும்போது முற்பட்டு இடித்துச் சொல்வதற்காக என்று 784-ஆம் குறள் கூறுகிறது. குறுந்தொகை 58-ஆம் பாடலில், காதல் நோயால் வருந்தும் தலைவன் தன்னைக் கண்டித்துப் பேசும் தோழர்களை 'இடிக்குங் கேளிர்' என்று விளிக்கிறான். அவர்கள் சொல்வதை அவனால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் அவர்களைக் கேளிர், அதாவது உறவு கொண்டாடும் நண்பர், என்றே அழைக்கிறான். இடித்துரைத்தவர் பகைவர் ஆகிவிடுவதில்லை. வைதலுக்கு இந்த உறுதியைக் கொடுக்க முடியாது.

கேள்வி: விபத்துச் செய்தியில் 'லாரி மூன்று உயிர்களைப் பழிவாங்கியது' என்று படித்தேன். பழிவாங்கியதா, பலிவாங்கியதா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: பலிவாங்கியது என்பதே சரி. பலி என்பது காவு. உயிர் போனதைக் குறிக்க அதுவே வரும். பழிவாங்குதல் என்பது முன்பு செய்த தீங்குக்குப் பதிலாகத் தீங்கு செய்வது. லாரிக்கு எவர்மேலும் முன்பகை இல்லை. பேச்சில் ழகரம் தேய்வதால் இந்தப் பிழை பரவுகிறது. பிறர் தவற்றுக்காக ஒருவரை மாட்டிவிடும்போது சொல்லும் 'பலிகடா' என்பதிலும் பலிதான் வர வேண்டும். கடா வெட்டுவது பலிக்காக. அந்தக் கடாவின்மேல் போடுவது பழி என்பதால் சிலர் குழம்பிப் 'பழிகடா' என்று எழுதுகிறார்கள். 'வாசலிலேயே பழியாய்க் கிடக்கிறான்' என்பதில் வருவது பழியே. கேட்டது கிடைக்கும்வரை ஒருவர் வாசலில் பட்டினி கிடந்து, தன் உயிர் போனால் அந்தப் பழி உன்னைச் சேரும் என்று அச்சுறுத்தும் வழக்கம் முன்பு இருந்தது. அதற்குப் பழிகிடத்தல் என்று பெயர்.

கேள்வி: நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். பழம் எடுக்கும் பருவத்தில், ஒரு பெண் பச்சைக்காயையும் சேர்த்து உருவிக் கூடையில் போடுகிறாள் என்று இன்னொரு பெண் மேஸ்திரியிடம் சொன்னாள். கூடையைக் கொட்டிப் பார்த்ததில் அது உண்மையாக இருந்தது. ஆனாலும் தோட்டத்தில் எல்லோரும் சொன்னவளைத்தான் 'கோள்சொல்லி' என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் கோள் ஆகுமா?

பதில்: ஆகும். கோள் என்பதற்கு உண்மை, பொய் என்ற வேறுபாடு இல்லை. அதற்கு மூவர் வேண்டும்: சொல்பவர், சொல்லப்படுபவர், தண்டிக்கும் வலிமையுள்ள கேட்பவர். இரண்டாமவருக்குக் கேடு வர வேண்டும் என்பதற்காகவே மூன்றாமவரிடம் போய்ச் சொல்வது கோள். சொன்னது உண்மையானாலும் நோக்கம் கெட்டதாக இருந்தால் அந்தப் பெயர் நீங்காது.

புகாருக்கும் அதே மூவர்தான் வேண்டும் என்பதால்தான் உங்கள் தோட்டத்தில் இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. புகார், பழைய ஊர்ப் பஞ்சாயத்துகளில் வழங்கிய பிராது ஆகியவை பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்த சொற்கள், முறையீடு நம்முடையது. இவற்றின் நோக்கம் நேர்ந்த கேட்டுக்குத் தீர்வு பெறுவது. ஒரே கிளையில் காபிக் காய்கள் ஒருசேரப் பழுப்பதில்லை. பழுத்ததை மட்டும் எடுத்துவிட்டு, காயைச் செடியில் விட்டு, அடுத்த சுற்றில் மறுபடியும் வர வேண்டியிருக்கிறது. கிளையோடு உருவினால் கூடை விரைவில் நிறையும், ஆனால் பச்சைக்காய் கலந்த காபி சுவை கெடும். நிறுத்துக் கூலி கொடுக்கும் தோட்டமாக இருந்தால், பொறுக்கி எடுக்கிறவளுடைய கூடை உருவுகிறவளுடைய கூடையைவிட எடை குறைந்து நிற்கும். அப்படி நின்றதைச் சொல்லி, 'எனக்கு நியாயம் வேண்டும்' என்று அவள் கேட்டிருந்தால் அது முறையீடு. அவளுக்கு எந்த இழப்பும் இல்லாதபோது, மற்றவளுக்கு வேலை போகட்டும் என்று காதில் போட்டிருந்தால் அது கோள்; இன்றைய பேச்சில் 'போட்டுக்கொடுத்தல்', 'வத்திவைத்தல்'. சட்டத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைத் தண்டிக்கிறது. ஆயினும், ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்கச் சட்டப்படி அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் குற்றஞ்சொல்வதை அது அவதூறாகக் கொள்வதில்லை.

நோக்கத்தை வெளியிலிருந்து எப்படி அறிவது என்று நீங்கள் கேட்கக்கூடும். 184-ஆம் குறள் அதற்கு ஓர் அளவுகோல் தருகிறது: 'கண்ணின்று கண்ணறச் சொல்லினுஞ் சொல்லற்க முன்னின்று பின்னோக்காச் சொல்.' நேரில் நின்று இரக்கமின்றிச் சொன்னாலும் சொல்லலாம். ஆள் இல்லாத இடத்தில் பின்விளைவை எண்ணாத சொல்லைச் சொல்லலாகாது. அந்தப் பெண் கூடைக்காரியின் முன்னிலையிலேயே மேஸ்திரியிடம் சொன்னாளா, தனியே அழைத்துச் சொன்னாளா என்று பாருங்கள். முன்னிலையில் சொல்லியிருந்தால், அவளைக் கோள்சொல்லி என்பவர்கள்தான் அவள்மேல் பழி போடுகிறார்கள்.

புறங்கூறுதல், தூற்றுதல் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புறங்கூறுதலுக்குக் கேட்பவர் எவராகவும் இருக்கலாம். அவருக்குத் தண்டிக்கும் வலிமை வேண்டியதில்லை. தூற்றுதல் களத்துமேட்டுச் சொல். நெல்லைக் காற்றில் தூற்றினால் பதர் எங்கும் பறக்கும். ஒருவரைத் தூற்றும்போதும் சொல் ஒரு காதோடு நிற்பதில்லை. சங்க இலக்கியத்தின் அம்பலும் அலரும் இவற்றுக்கு முன்னோடிகள். சொல் முழுதும் வெளிப்படாமல் முணுமுணுப்பாக இருப்பது அம்பல். ஊர் முழுதும் அறியப் பேசுவது அலர். காதலர்களைப் பற்றிய பேச்சுக்கே அவை வழங்கின என்பதால், தோட்டத்துப் பேச்சுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் ஓமலூர் அருகே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் அத்தை என்னை நேராக ஒன்றும் சொல்வதில்லை. தொழுவத்தில் மாட்டைப் பார்த்து, "பொழுது விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் எந்திரிக்கல பாரு" என்பார். கேட்டால், "நான் மாட்டைத்தானே சொன்னேன்" என்கிறார். இதைக் குத்திக்காட்டுதல் என்பதா, பொடிவைத்துப் பேசுதல் என்பதா?

பதில்: இரண்டும் இல்லை, அம்மா, இது சாடை பேசுதல். ஒருவரைச் சொல்ல எண்ணி, வேறொன்றை முன்னிலைப்படுத்திப் பேசுவது சாடை. பொடிவைத்துப் பேசும்போது முன்னிலையில் இருப்பவர் நீங்களாகவே இருப்பீர்கள். சொல் இனிமையாக இருக்கும், உள்ளே வேறு பொருள் இருக்கும். நகைப் பட்டறையில் இணைப்பு வெளியே தெரியாதபடி பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதிலிருந்து வந்த வழக்கு அது. குத்திக்காட்டுதல் என்பது பழைய தவற்றைச் சமயம் பார்த்து எடுத்துச் சொல்வது. சொல்லிக்காட்டுதலோ தான் செய்த உதவியை எடுத்துச் சொல்வது. கேட்பவருடைய தவறு ஒன்றும் அதில் இல்லாவிட்டாலும் நன்றிகெட்டவர் என்ற குற்றம் அதில் உள்ளுறையாக இருக்கிறது.

மறைத்துப் பழிப்பதைத் தொல்காப்பியர் தனியே பெயரிட்டு வைத்திருக்கிறார். பழித்துச் சொல்வதாகிய அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பிரித்து, வெளிப்படையாகச் சொல்வதை வசை என்றும், மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு என்றும் செய்யுளியலில் கூறுகிறார். வெளிப்படையானதைவிட மறைத்துச் சொல்வது மென்மையானது என்று பலர் எண்ணுகிறார்கள். கேட்பவர் நிலையிலிருந்து பார்த்தால் அப்படி இல்லை என்பது என் எண்ணம். வைதால் பதில் சொல்லலாம், இல்லையென்று மறுக்கலாம். சாடைக்குப் பதில் சொன்னால், 'உனக்கு ஏன் உறுத்துகிறது?' என்று கேட்பார்கள். பதில் சொன்னதே தவற்றை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அத்தை அமைதியாக இருக்கும் வேளையில் அருகில் அமர்ந்து, "அத்தை, என்கிட்ட குறை இருந்தா என்னையே சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். குறை என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். குற்றம் என்று நீங்களாக எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அம்மாபேட்டையில் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். கைதானவர்களைச் செய்திகளில் 'குற்றவாளி' என்று எழுதலாமா?

பதில்: தீர்ப்புக்கு முன் எழுதலாகாது. காவல் துறை முதல் தகவல் அறிக்கை பதிவதும், விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவதும் படிப்படியாக நடப்பவை. இவை எல்லாவற்றிலும் அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டுமே. நீதிமன்றத் தமிழில் எதிரி என்பார்கள். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகத் தீர்ப்பு வந்த பிறகே குற்றவாளி. 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்பது நீளமாக இருக்கிறது, தலைப்பில் இடம் போதவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இடம் இல்லையென்றால் 'கைதானவர்' என்று போடுங்கள்; அது 'குற்றவாளி' அளவுக்கே இடம் கொள்ளும், நடந்ததற்கு மேல் ஒன்றும் சொல்லாது. 'குற்றவாளி எனக் கருதப்படுபவர்' என்று சிலர் எழுதுகிறார்கள். எவரால் கருதப்படுகிறார் என்பது அதில் இல்லாததால் அதையும் அடித்துவிடுங்கள்.